பெட்டியில் கோளாறு இல்லை

உங்கள் மேசை மேலிருக்கும் ரேடியோ கரகரப்பதற்கு மழை காரணமில்லை சார். உள்ளே ஒரு வால்வின் காலில் துரு ஏறியிருக்கிறது. கழற்றித் துணியால் துடைத்துத் திரும்பச் செருகினால் போதும். ஸ்க்ரூட்ரைவர் கொடுத்தால் பேசிக்கொண்டே சரிசெய்துவிடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள். கரகரப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் சிரமம், அதனால் சொன்னேன்.

நான் வந்த காரியம் சின்னது. கிட்டார் வாசிக்கிற தனசேகரன் ஆடித் திருவிழாக் கச்சேரியில் ஷாக் அடித்துச் செத்ததை விசாரித்து முடித்துவிட்டீர்கள். “பழைய பெட்டிம்மா, உள்ளே ஏதோ கோளாறு, விபத்துதான்” என்று அவன் அக்கா தேவகியிடம் நீங்களே சொன்னீர்கள். நான் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டும். கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற அந்தப் பெட்டியைச் செய்தவன் நான். அதில் கோளாறு கிடையாது.

பிள்ளையார்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் விழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட்டும் நான்தான் கட்டுவேன். கைலாசம் வீடு எது என்று தெருவில் கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். மைக் செட்டு வீடு என்று கேளுங்கள், வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். “இன்னா மைக் செட்டு, சாப்டியா?” என்றுதான் விசாரிப்பார்கள். கல்யாணப் பந்தியில், “மைக் செட்டுக்கு ஒரு எல போடுப்பா” என்பார்கள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

தனசேகரன் எங்கள் தெருவில் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அறுபத்து மூன்றில் அவனுக்கு இருபது வயது இருக்கும். தறியில் உட்கார வேண்டியவன், மூர் மார்க்கெட்டில் யாரோ தள்ளிவிட்டுப் போன ஒரு பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா தேவகிதான் சோறும் போட்டு, கிட்டாருக்குக் கம்பியும் வாங்கிக் கொடுத்தாள்.

அவன் விரல் நல்ல விரல். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அறுந்த பட்டு இழையைக் கண்ணால் பார்க்காமலே பிணைத்துவிடுகிற வீட்டில் பிறந்தவன். ஆனால் விரல் எவ்வளவு நன்றாக இருந்தால் என்ன சார், சத்தம் வெளியே கேட்க வேண்டாமா? நாலு தறி ஓடுகிற வீட்டில் அவன் வாசிப்பது அவன் காதுக்கே கேட்காது. ஒரு கோயில் கச்சேரியில் கண்ணாயிரம் டிரம்ஸ் அடிக்க, இவன் பக்கத்தில் நின்று வாசித்தான். முன்வரிசையில் ஒரு கிழவர், “அந்தத் தம்பி எதுக்குப்பா பலகைய சொறிஞ்சிக்கினு நிக்குது?” என்று கேட்டுவிட்டார். கூட்டமே சிரித்தது. மறுநாள் என் கடைக்கு வந்து, பிரித்துப் போட்ட ரேடியோக்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதான்.

“அண்ணா, இத்த எப்படியாவது கேக்க வையண்ணா” என்றான்.

கேட்க வைத்தேன். பழைய டெலிபோனிலிருந்து காந்தம் எடுத்தேன். அதன் மேல் மயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்ற வேண்டும், கையால் சுற்றினால் அறுந்துபோகும். தேவகி பட்டு நூல் சுற்றுகிற ராட்டினத்தில் ஏற்றி, அவளையே சுற்றித் தரச் சொன்னேன். ஒரு தரம்கூட அறுபடவில்லை. அதைக் கிட்டார் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினேன். அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கத்தான் பெட்டி. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஒலிபெருக்கி எல்லாம் உள்ளே வைத்துத் தேக்குப் பலகையால் அடைத்தேன். முன்பக்கத்தை மூடத் துணி வேண்டுமென்றபோது தேவகி ஒரு பழைய அரக்குப் புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். ஜரிகைக் கரை மேலே தெரியும்படி நான்தான் இழுத்து அடித்தேன். முதல் தடவை கம்பியைத் தட்டியபோது தெருவில் எல்லாத் தறியும் நின்றன. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எந்த வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது என்று பார்க்க ஆட்கள் வெளியே ஓடிவந்தார்கள்.

அப்புறம் அவனுக்கு ஓய்வே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் கிட்டாரில் நாகஸ்வரம் கேட்டார்கள், வாசித்தான். தெலுங்குக்காரர் வீட்டு நிச்சயத்தில் அவர்கள் பாட்டு. ஆற்காட்டுப் பக்கம் தர்கா உருஸுக்குக் கூப்பிட்டால் கவாலி. கிறிஸ்துமஸ் வந்தால் வேதக்கோயில் பாட்டு. பையன்கள் நிறைந்த கூட்டமென்றால் ராக். இந்த ஊரில் முதலில் ராக் வாசித்தவன் அவன், அதற்கான சத்தத்தைச் செய்தவன் நான். இலங்கை வானொலியில் கேட்ட எதையோ வாயால் செய்து காட்டி, “சத்தம் கிழிஞ்ச மாரி வரணும்ணா, கோவமா வரணும்” என்றான். நல்ல ஒலிபெருக்கியின் காகிதத்தில் ஊசியால் துளைத்துத் துளைத்து அதைக் கொண்டுவந்தேன். கரகரப்பைப் போக்குவது என் பிழைப்பு. அவனுக்காக உட்கார்ந்து கரகரப்பை உண்டாக்கினேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பெட்டியின் மேல் ஆறு குமிழ் வைத்திருந்தேன். நாகஸ்வரத்துக்கு இது, வீணைக் குழைவுக்கு இது, ராக்குக்கு இது என்று சுண்ணாம்பால் அடையாளம் போட்டுக் கொடுத்திருந்தேன். அவன் குமிழைத் திருப்புவான், வாசிப்பான். “தனசேகரனுக்கு வராததே இல்லை” என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்தப் பத்திரிகையைக் கடையில் ஒட்டி வைக்கச் சொல்லி அவனே கொண்டுவந்து கொடுத்தான். ஒட்டினேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

அறுபத்தெட்டில் மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் ராக் வாசிக்கிற குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் கோடம்பாக்கத்தில் சினிமாப் பாட்டுப் பதிவு, சாயங்காலம் ஓட்டல், ஓய்வு நாட்களில் கண்ணாயிரம், பாட்டுப் பாடுகிற லில்லி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு வெளியூர்க் கச்சேரி. பெட்டியைப் புறாக் குஞ்சு மாதிரி நான்தான் கூடவே தூக்கிக்கொண்டு போவேன். ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்பவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எந்த ஊர்ப் பெட்டி இது? யார் பண்ணது?” என்று கேட்டார்.

“ஊர்ல ஒரு அண்ணன் செஞ்சி குடுத்தாரு சார்” என்றான் தனசேகரன்.

நான் இரண்டடி தள்ளி, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்து, அதை அந்த மூலையில் வைத்துவிட்டு வெளியே இருப்பா என்றார். வைத்துவிட்டு வெளியே போய் இருந்தேன்.

மெல்லிசைக் கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் குழுத் தலைவர் மைக் முன்னால் வந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார். பெயரைச் சொன்னதும் அந்த ஆள் ஒரு துண்டு வாசிப்பார், ஜனங்கள் கைதட்டுவார்கள். தனசேகரன் அதை அழகாகச் செய்வான். டிரம்ஸ் கண்ணாயிரம். பாட்டு லில்லி. அக்கார்டியன், பாங்கோஸ், தபலா என்று போய்க்கொண்டே இருக்கும். மேடைக்குக் கீழே சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் மைக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் என் கை. எல்லார் பெயரும் என் வழியாகத்தான் ஊருக்குப் போகும். என் பெயர் போகாது.

ஒரு தடவை கேட்டேன். வேலூரில் கச்சேரி முடிந்து, மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பல வருஷம் தொண்டையில் நின்றது, அன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

“ஏம்பா தனசேகரா, எல்லார் பேரையும் சொல்ற. எம்பேர ஒரு வாட்டி சொல்லக் கூடாதா?”

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. “இன்னாண்ணா நீ. மோளம் அடிக்கிறவன் பேரச் சொல்லுவாங்க. மோளம் செஞ்சவன் பேரையா சொல்லிக்கினு இருப்பாங்க?” என்றான்.

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பில் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. தனசேகரன் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தான். நானும் சிரித்தேன். நியாயமான பதிலாகத்தான் பட்டது. வடையையும் சாப்பிட்டேன். ஆனால் அன்று உள்ளே ஒரு எரிச்சல் வந்து உட்கார்ந்தது சார், பிறகு அது போகவே இல்லை. தூங்கி எழுந்தாலும் இருந்தது, சாமி கும்பிட்டாலும் இருந்தது.

எழுபத்திரண்டில் அவன் பெட்டியைத் தூக்க என்னைக் கூப்பிடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நானே மெட்ராஸுக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டலில் பின்வாசல் வழியாக அழைத்துப்போய் ஒரு தூணோரம் நிற்க வைத்தான். மேடையில் வேறொரு பெட்டி இருந்தது. பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் பெட்டி. சின்னதாக, பளபளவென்று ஒரு சூட்கேஸ் அளவுக்கு இருந்தது.

“உன்னுது வூட்ல பத்திரமா இருக்குதுண்ணா. அத்தத் தூக்கிக்கினு அலைய முடியல, அம்மாங் கனம்” என்றான். அவன் எப்போது தூக்கினான் என்று நான் கேட்கவில்லை.

வாசித்தான். அதே சத்தம் சார். நான் ஊசியால் துளைத்துக் கொண்டுவந்த அதே கிழிசல். அதே வீணைக் குழைவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், வித்தியாசமே தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வாலாஜாபாத் வரும் வரை அதையே யோசித்தேன். ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்த ஓட்டலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். எவனோ ஒரு ஜப்பான்காரன் என் பெட்டியைப் பார்த்து வைத்துக்கொண்டு போய் அதே மாதிரி செய்திருக்கிறான். இதைக் கண்ணாயிரத்திடம் சொன்னேன். “சத்தம் அவன் வெரல்ல இருக்குதுபா. தகர டப்பாவுல மாட்டிக் குடுத்தாலும் அப்படித்தான் வாசிப்பான்” என்றான். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

இந்த வருஷம் ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தனசேகரனைக் கூப்பிடலாம் என்று விழாக் கமிட்டித் தலைவர் அப்பாதுரை முடிவு செய்தார். பம்பாயில் ஒரு பெரிய குழுவில் அவனை நிரந்தரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள், விழா முடிந்ததும் குடிபோகிறான் என்று பேச்சு. போவதற்கு முன் சொந்த ஊரில் ஒரு கச்சேரி. அது போய்விட்டால் அவன் வாயால் ஒரு கூட்டத்துக்கு முன்னால் என் பெயர் வருவதற்கு இனி வழியே கிடையாது. இதை நான் தெளிவாகவே யோசித்தேன்.

அவனே கடைக்கு வந்தான். பெட்டியைக் கை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். “அண்ணா, ஊர்ல உம்பொட்டியிலதான் வாசிக்கப் போறேன்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். உட்கார வைத்து, பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

“ஜப்பான் பொட்டி இந்த ஊரு வோல்டேஜுக்குத் தாங்காதுண்ணா, சுட்டுப் போய்டும். நம்ம ஊருக்கு இது போதும்.”

போதும் என்றான் சார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆனாலும் வேலையில் நான் குறை வைக்கவில்லை. வால்வுகளை மாற்றினேன். ஈயப் பற்று வைத்த இடங்களையெல்லாம் சூடு காட்டிப் புதுப்பித்தேன். தேவகியின் புடவைத் துணியைத் தூசு தட்டி, ஜரிகைக்கு மெருகேற்றினேன். கச்சேரிக்கு முன்தினம் அந்தப் பெட்டி செய்த நாளில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், கோளாறு இருக்க வழியே இல்லை. எல்லாம் முடித்து, சரிபார்த்து, திருப்தியான பிறகுதான் ஒரு கம்பியைக் கூடுதலாகச் சேர்த்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம். சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு ஆபத்து உண்டு. பெட்டிக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்துக்குக் கரண்டு வந்துவிட்டால் அது கிட்டார் கம்பி வரைக்கும் வந்துவிடும். வாசிப்பவன் கை எப்போதும் அந்தக் கம்பியில்தான். அதனால் ஆரம்பத்திலேயே அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன், ஈரத்தில் நின்று வாசிக்காதே, கனத்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ் இல்லாமல் மேடை ஏறாதே என்று. முதல் ஜோடியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பதினோரு வருஷம் அதைத் தட்டவில்லை. ஸ்டுடியோவில் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுப் போவார்கள், இவன் மட்டும் கேலியைப் பொறுத்துக்கொண்டு பூட்ஸோடு உட்காருவான். என் பேச்சை அப்படிக் கேட்டவன்தான்.

எங்கள் அம்மன் கோயிலில் மேடை என்று தனியாக இல்லை. கோயில் முன்னால் உள்ள கல் மண்டபம்தான் மேடை. அம்மன் தெருச் சுற்றி வந்து மண்டபத்து ஓரத்தில் நிற்கும்போது பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கல் முழுக்க ஈரமாகிவிடும். கச்சேரிக்காரர்களுக்கு நடுவில் ஜமக்காளம் விரிப்பார்கள், மைக் இருக்கும் முன்பக்கம் ஈரமாகவேதான் கிடக்கும். மண்டபத்தில் செருப்புக் கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு. ஆனால் கச்சேரி நடக்கும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். லில்லி குதி உயர்ந்த செருப்போடு அங்கே நின்று எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறாள்.

அன்று காலை பந்தல் கட்டும் இடத்தில் அப்பாதுரையிடம் நான்தான் பேச்சுக்கொடுத்தேன்.

“ஏம்பா, அம்மா வந்து நின்ன எடத்துல பூட்ஸு கால வச்சா நல்லாவா இருக்கும்? போன வருசமே நாலு பேரு பேசிக்கினாங்க. இந்த வருசம் தெருவுல அம்மை வேற வந்துக்கினு இருக்குது.”

அப்பாதுரை பயந்த ஆள். “நீ சொல்றதும் ரைட்டுதாம்பா. எல்லாரையும் கயட்டச் சொல்லிடறேன்” என்றார்.

பம்பாய்க்காரர்களோ ஓட்டல் குழுப் பையன்களோ என்றால் முடியாது என்று தகராறு செய்திருப்பார்கள், இல்லையென்றால் காலுக்கடியில் ஒரு பலகையாவது கேட்டிருப்பார்கள். தனசேகரன் இந்தத் தெருவில் பிறந்தவன். அம்மாவுக்கு முன்னால் பூட்ஸோடு நிற்கிறாயா என்று அப்பாதுரை கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே குனிந்து கழற்றிவிட்டான். அப்புறம்தான் ஞாபகம் வந்து, கீழே என்னைப் பார்த்தான்.

“வெறுங்கால்ல நிக்கிறேன், பரவால்லியாண்ணா?”

“நான் இருக்கறன்ல. நீ வாசி” என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. அவ்வளவு நம்பிக்கை.

பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தார்கள். பிரமாதமாக வாசித்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் அம்மன் பாட்டு, நாகஸ்வரம் போலவே. பிறகு லில்லியோடு சினிமாப் பாட்டு. பிறகு ஜமக்காளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து ராக். நெசவுக்காரக் கிழவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். அவன் அப்பா தூரத்தில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் பெட்டி அன்று பாடிய மாதிரி எந்த நாளும் பாடியதில்லை.

அந்தக் கூடுதல் கம்பியின் ஒரு முனை பெட்டியின் இரும்புச் சட்டத்தில், இன்னொரு முனை என் பலகையில், ஒரு சுவிட்சில் இருந்தது. அதைப் போட்டால் ஒழிய ஒன்றும் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஆள் இல்லை நான். முடிவை அவனிடமே விட்டிருந்தேன். அறிமுகம் செய்யும்போது என் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தச் சுவிட்சைத் தொடுவதில்லை, மறுநாள் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அவனைப் பம்பாய்க்கு ரயிலேற்றிவிடுவது என்று அம்மனுக்கு நேராக உட்கார்ந்து தீர்மானித்தேன். ஒரு பெயர். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இதில் அநியாயம் எங்கே இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள்.

கிட்டாரோடு ஜமக்காளத்தை விட்டு இறங்கி, மைக் முன்னால் ஈரக் கல்லில் வந்து நின்றான். கண்ணாயிரத்தின் பெயரைச் சொன்னான். லில்லியின் பெயரைச் சொன்னான். அக்கார்டியன், பாங்கோஸ், தபலா, ஒருவரையும் விடவில்லை. அப்பாதுரைக்கும் கமிட்டிக்கும் நன்றி சொன்னான். கரண்டை நிறுத்தாமல் இருந்ததற்கு மின்சார ஆபீஸுக்கு நன்றி சொன்னான். எல்லாருக்கும் சோடா வாங்கி வந்து கொடுத்த கலியனுக்குக்கூட நன்றி சொன்னான் சார். கலியன் கூட்டத்தில் எழுந்து நின்று கும்பிட்டான்.

“அவ்ளோதாம்பா. அடுத்த பாட்டுக்குப் போலாமா?” என்றான்.

போகலாம் என்று கத்தினார்கள். அவன் விரலைக் கம்பியில் வைத்தான். நான் சுவிட்சைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த குழப்பத்தில் கூடுதல் கம்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இருந்தால்தானே? ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பழைய பெட்டி, கோளாறு என்று உங்களிடம் சொல்லிவிட்டார்கள். விதி என்பார்கள், ஈரம் என்பார்கள், அம்மன் குற்றம் என்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பழி என் பெட்டி மேல் வந்து விழுமென்று எதிர்பார்க்கவில்லை.

நேற்று தேவகி கடைக்கு வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அழுது அழுது கண்ணே திறக்க முடியவில்லை அவளுக்கு.

“சாப்டாம கெடக்காதண்ணா. உன்மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பழைய பொட்டி, அது பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? அத்த மட்டும் ஒடச்சிப் போட்டுரு, கண்ணால பாக்க முடியல” என்றாள்.

பழைய பெட்டியாம். அது பண்ணதாம். அவள் கையால் சுற்றிய கம்பி, அவள் புடவை. அவளே அப்படிப் பேசுகிறாள். ராத்திரி முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை. அதனால்தான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

ஷாக் அடித்தது தெரிந்ததும் மெயின் சுவிட்சை ஏன் உடனே அணைக்கவில்லை, கண்ணாயிரம் ஓடிவந்து மெயின் வயரைப் பிடுங்குகிற வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அணைக்க வேண்டும் என்றுதான் கையைக் கொண்டுபோனேன். அவனால் கம்பியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, உடம்பு உதறியது, ஆனால் வாய் மைக்குக்கு நேராக இருந்தது. அப்போதுதான் கூப்பிட்டான். அம்மாவையோ அக்காவையோ கூப்பிடவில்லை. “கைலாசண்ணா” என்றான். பந்தலில் கட்டியிருந்த நாலு ஸ்பீக்கர்களிலும் கேட்டது. தெருக்கோடி வரை, அத்தனை ஜனத்துக்கும் கேட்டது. அப்பாதுரை மேலேயிருந்து, “மெயின ஆஃப் பண்ணுப்பா” என்று அலறினார். என் கை சுவிட்சு மேலேயேதான் இருந்தது. ஆனால் மெயினை அணைத்தால் மைக்கும் நின்றுபோகும் சார். இன்னொரு தரம் சொல்லுவான் என்று பட்டது. கையை எடுத்து, மைக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.